நகை திருடும் கனவான்: ராஃபிள்ஸ் முதல் ஹிட்ச்காக் வரை, எந்தப் படத்தை முதலில் பார்ப்பது?

ஒரு மாலை ஓய்வாக இருக்கிறது, பழைய திருட்டுப் படம் ஒன்று பார்க்க வேண்டும், அதிலும் திருடன் கோட்டும் சூட்டுமாக மாளிகை விருந்துக்குப் போகிறவனாக இருக்க வேண்டும். இப்படித் தேடத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் நான்கு பெயர்களில் வந்து நிற்பார்கள். ரொனால்ட் கோல்மன் நடித்த ‘ராஃபிள்ஸ்’ (1930). அதே கதையை அதே தயாரிப்பாளர் சாமுவேல் கோல்ட்வின் டேவிட் நிவனை வைத்து மறுபடி எடுத்த ‘ராஃபிள்ஸ்’ (1939). எர்ன்ஸ்ட் லூபிட்ஷ் இயக்கிய ‘டிரபிள் இன் பாரடைஸ்’ (1932). ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்கின் ‘டு கேட்ச் எ தீஃப்’ (1955).

நான்கும் நல்ல படங்கள்தாம். ஆனால் ஒன்றிடம் கேட்க வேண்டியதை இன்னொன்றிடம் கேட்டால் ஏமாற்றம் நிச்சயம். துப்பறியும் கதை என்று நினைத்து லூபிட்ஷிடம் போனால் காதல் நகைச்சுவை கிடைக்கும். பெட்டகம் உடைக்கும் நுணுக்கத்தைப் பார்க்க ஹிட்ச்காக்கிடம் போனால் கடற்கரையும் பூனையும் கிடைக்கும். இரண்டு ‘ராஃபிள்ஸ்’ படங்களில் எது என்று தெரியாமல் கைக்கு வந்ததைப் போட்டால், பாதி உயிரை இழந்த கதை கிடைக்கவும் கூடும்.

ஓர் எச்சரிக்கை. இரண்டு ‘ராஃபிள்ஸ்’ படங்களின் முடிவையும், லூபிட்ஷ் படத்தின் முடிவையும் இங்கே சொல்லியே ஆக வேண்டும். அவற்றுக்குள் தேர்வு செய்ய அதுதான் முக்கியக் காரணம். ஹிட்ச்காக் படத்தில் உண்மைத் திருடன் யார் என்பதை மட்டும் எங்கும் சொல்லப்போவதில்லை.

## எதை வைத்து அளப்பது

மர்மம் எங்கே இருக்கிறது? திருடன் யார் என்பது புதிரா, அல்லது அவன் யார் என்று தெரிந்த பிறகு எப்படித் தப்புவான் என்பது புதிரா? ராஃபிள்ஸ் கதைகள் இரண்டாம் வகை. எடுத்த எடுப்பிலேயே ஆளைக் காட்டிவிடுவார்கள். யாரென்று ஊகித்துக்கொண்டே பார்க்கும் பழக்கம் உள்ளவருக்கு முதல் வகைதான் ஒத்துவரும்.

திருட்டு ஒரு வேலையாகத் தெரிகிறதா? கை, கருவி, நேரம், ஆபத்து ஆகியவை திரையில் வருகின்றனவா, அல்லது திருட்டு நடந்து முடிந்துவிட்டது என்று சொல்லிக் கடந்துவிடுகிறார்களா?

திருடன் கடைசியில் என்ன ஆகிறான்? இது இயக்குநர் மட்டும் முடிவு செய்த விஷயமாக இருக்கவில்லை. ஹேஸ் விதிகள் என்று அறியப்படும் ஹாலிவுட் தயாரிப்பு விதிகள் 1930 மார்ச்சில் எழுதப்பட்டன. ஆனால் 1934 ஜூலை வரை அவற்றைக் கண்டிப்பாக யாரும் நடைமுறைப்படுத்தவில்லை. அதன் பிறகு குற்றவாளி மீது அனுதாபம் பிறக்கும்படி கதை முடியக் கூடாது. திருட்டு, கொள்ளை, பெட்டகம் உடைத்தல் ஆகியவற்றின் செய்முறையை விவரமாகக் காட்டவும் கூடாது. ஆகவே படம் வந்த ஆண்டைப் பார்த்தாலே, திருட்டை எவ்வளவு காட்டுவார்கள், திருடனை எங்கே கொண்டுபோய் நிறுத்துவார்கள் என்று பாதி ஊகித்துவிடலாம்.

கனவான் என்றால் என்ன பொருள்? இது அலங்காரச் சொல் போலத் தோன்றும். ராஃபிள்ஸ் விஷயத்தில் கதையின் அச்சாணியே இதுதான். கிரிக்கெட் தெரிந்தவர்களுக்கு உடனே விளங்கும். இங்கிலாந்தில் 1962 வரை ஆட்டக்காரர்கள் இரண்டு சாதியாகப் பிரிந்திருந்தார்கள். கூலி வாங்காமல் ஆடுகிறவர் ‘ஜென்டில்மேன்’. கூலிக்கு ஆடுகிறவர் ‘பிளேயர்’. உடைமாற்றும் அறை தனி, மைதானத்துக்குள் வரும் வாசல்கூடப் பல இடங்களில் தனி. இரு தரப்பும் மோதும் ஆட்டம் 1806-இல் தொடங்கி 1962 வரை நடந்தது. ராஃபிள்ஸ் கூலி வாங்காத பந்துவீச்சாளன். அதனால்தான் தன்னை ‘அமெச்சூர்’ பெட்டகத் திருடன் என்று அழைத்துக்கொள்கிறான். கத்துக்குட்டி என்ற பொருளில் அந்தச் சொல்லைப் படித்தால் படத்தின் பாதி சுவை போய்விடும். பிழைப்புக்காகத் திருடும் தொழில்முறைத் திருடனை அவன் தனக்குச் சமமாக எண்ணுவதில்லை என்ற கர்வம் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறது.

நேரமும் பிரதியும். படத்தின் நீளம், ஒலியின் நிலை, துணைத்தலைப்பு. கடைசியில் இவைதான் பல மாலைகளைக் கெடுக்கின்றன.

| | ராஃபிள்ஸ் 1930 | டிரபிள் இன் பாரடைஸ் 1932 | ராஃபிள்ஸ் 1939 | டு கேட்ச் எ தீஃப் 1955 |
|---|---|---|---|---|
| நேரம் | சுமார் 72 நிமிடம் | சுமார் 83 நிமிடம் | சுமார் 72 நிமிடம் | 106 நிமிடம் |
| படம் | கறுப்பு வெள்ளை | கறுப்பு வெள்ளை | கறுப்பு வெள்ளை | வண்ணம், விஸ்டாவிஷன் (அகலத் திரை முறை) |
| புதிர் | எப்படித் தப்புவான்? | புதிர் இல்லை; யாரைத் தேர்வான் என்ற தவிப்பு | எப்படித் தப்புவான்? | திருடன் யார்? |
| திருட்டு வேலை | ஓரளவு காட்டப்படுகிறது | விரல் வித்தையாக | மறைத்து, மென்மையாக | ஏறக்குறைய இல்லை |
| முடிவு | தப்புகிறான் | தப்புகிறார்கள் | சரணடையத் துணிகிறான் | படத்தில் பார்க்க |
| மறைமுகச் செலவு | இரைச்சல், நின்று பேசும் காட்சிகள் | நகை ஒரு சாக்கு மட்டுமே | முந்தைய படத்தின் நிழல் | நடுப்பகுதி மெதுவாகப் போகும் |

## ராஃபிள்ஸ், 1930

மூலக்கதை இ. டபிள்யூ. ஹோர்னங் எழுதியது. இவர் ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்த ஆர்தர் கோனன் டாயிலின் தங்கை கணவர். முதல் ராஃபிள்ஸ் தொகுதி 1899-இல் வந்தது, 1903-இல் நாடகமானது. இந்தப் படம் அந்த நாடகத்தின் எலும்புக்கூட்டின் மேல் நிற்கிறது. ஹோம்ஸுக்கு வாட்சன் போல ராஃபிள்ஸுக்கு பன்னி என்றொரு நண்பன். ஒருவர் துப்பறிவாளரின் புகழ்பாடி, இன்னொருவர் திருடனின் புகழ்பாடி. மைத்துனர்கள் இருவரும் ஒரே நாணயத்தின் இரு பக்கத்தையும் அச்சடித்திருக்கிறார்கள்.

கதை எளியது. லண்டனைக் கலங்கடிக்கும் திருடன் ராஃபிள்ஸ், குவென் என்ற பெண்ணின் மீதான காதலால் தொழிலை விட்டுவிட முடிவு செய்கிறான். அன்றே நண்பன் பன்னி 1,000 பவுண்டு கடனை அடைக்க வழியின்றி உயிரை விடத் துணிந்த நிலையில் வந்து நிற்கிறான். நண்பனுக்காகக் கடைசியாக ஒரு திருட்டு. குறி, மெல்ரோஸ் பிரபுவின் மாளிகையில் இருக்கும் நெக்லஸ். அதே நெக்லஸுக்குக் கிராஷா என்ற தொழில்முறைத் திருடனும் வலை விரிக்கிறான். ஸ்காட்லாந்து யார்டின் மெக்கன்சியும் அதே வார இறுதியில் அதே மாளிகைக்கு வந்து சேர்கிறார். ஒரே கூரையின் கீழ் கனவான் திருடன், கூலித் திருடன், போலீஸ் மூவரும். மேலே சொன்ன கிரிக்கெட் பிரிவினை இங்கே அப்படியே நெக்லஸுக்கான ஆட்டமாக மாறுகிறது.

இந்தப் படத்தின் பெரிய பலம் கோல்மனின் குரல். மௌனப் படக் காலத்திலேயே நட்சத்திரமாக இருந்தவர், பேசும் படம் வந்ததும் இன்னும் உயர்ந்தார். அதே பருவத்தில் வேறு இரண்டு படங்களுக்காக ஆஸ்கர் பரிந்துரையும் பெற்றார். குரலை உயர்த்தாமல், சொல்லின் கடைசி எழுத்தை மெல்லத் தளரவிட்டு அவர் பேசும்போது, மாளிகையில் யாரும் இவனைச் சந்தேகிக்காததற்கு வேறு விளக்கம் தேவைப்படுவதில்லை. கனவான் என்பதை உடையை வைத்துச் சொல்கிற படங்கள் ஏராளம். அதைக் குரலால் நிறுவியது இந்தப் படம்.

கே ஃபிரான்சிஸ் நடித்த குவென் வெறும் காதலி அல்ல. உண்மை தெரிந்ததும் மிரளாமல், அவனை எப்படிக் காப்பது என்று யோசிக்கிறாள். ஒளிப்பதிவில் ஜார்ஜ் பார்ன்ஸுடன் கிரெக் டோலண்ட் வேலை செய்திருக்கிறார். பின்னாளில் ‘சிட்டிசன் கேன்’ படத்தை ஒளிப்பதிவு செய்தவர் அவர். இருட்டு மாடிப்படியில் விழும் வெளிச்சத்தைப் பார்த்தால் அந்தக் கை தெரியும்.

முடிவு. ராஃபிள்ஸ் எல்லோர் முன்னிலையிலும் தான்தான் அந்தத் திருடன் என்று ஒப்புக்கொள்கிறான். பிறகு தன் அறையில் நிற்கும் ஆளுயரக் கடிகாரத்துக்குள் இருக்கும் ரகசிய வழியாக மறைந்துவிடுகிறான். பாரிஸில் சந்திப்பதாக குவெனிடம் சொல்லிவைத்தாயிற்று. தண்டனை இல்லை, மனம் திருந்திய உரை இல்லை. 1930 ஜூலையில் வந்த படம் என்பதால்தான் இது சாத்தியமாயிற்று. நான்கு ஆண்டு கழித்து எழுதியிருந்தால் அந்தக் கடிகாரக் கதவு பூட்டியே இருந்திருக்கும்.

செலவு என்ன? பேசும் படம் தவழ்ந்துகொண்டிருந்த காலம். பேச்சுக்கும் பேச்சுக்கும் நடுவே இன்றைய காது எதிர்பார்க்காத மௌனம் விழும். அந்த மௌனத்தைப் பின்னணி இசை வந்து நிரப்பாது. மாளிகைக் காட்சிகள் நாடக மேடை போல நின்று நிதானித்துப் பேசுகின்றன. முதல் 20 நிமிடம் பொறுமை வேண்டும். மூன்றாம் ஆஸ்கர் விழாவில் ஒலிப்பதிவுக்குப் பரிந்துரைக்கப்பட்ட படம் இது. ஆனால் பல தலைமுறைப் பிரதிகளைக் கடந்து வரும்போது அந்த ஒலியில் இரைச்சல் ஏறியிருக்கும். அதற்கான வழி கீழே இருக்கிறது.

## ராஃபிள்ஸ், 1939

தேடும்போது சில இடங்களில் 1940 என்று காட்டும், படம் ஒன்றுதான். 1939 டிசம்பரில் வெளியானது. சிட்னி ஹோவர்டின் பழைய திரைக்கதையை ஜான் வான் ட்ரூட்டன் செப்பனிட்டார். இயக்கம் சாம் வுட். ஒளிப்பதிவு மறுபடியும் கிரெக் டோலண்ட், இம்முறை தனியாக.

காட்சிகள் பல அடுத்தடுத்து அப்படியே வருகின்றன. இரண்டையும் ஒரே நாளில் பார்ப்பவர் வசனங்களையே அடையாளம் கண்டுகொள்வார். அப்படியானால் எதற்காக இது? மூன்று காரணங்கள். ஒலி தெளிவாக இருக்கிறது. நடை சீராக இருக்கிறது. பத்தாண்டில் ஹாலிவுட் பேச்சைக் கையாளக் கற்றுக்கொண்டது பளிச்சென்று தெரியும். மூன்றாவது, டேம் மே விட்டி. மெல்ரோஸ் சீமாட்டியாக அவர் வரும் காட்சிகள் முந்தைய படத்தில் அதே இடத்தில் வருவதைவிட நயமானவை.

ஆனால் நெஞ்சுக்குள் ஓர் ஓட்டை. குற்றம் பலன் தரக் கூடாது என்ற விதி இப்போது நடைமுறையில் இருக்கிறது. ஆகவே நிவனின் ராஃபிள்ஸ் தானே போய்ச் சரணடையத் துணிகிறான். 70 நிமிடம் துள்ளிக்கொண்டிருந்தவன் கடைசி 2 நிமிடத்தில் நல்லொழுக்கப் பாடமாகிவிடுகிறான். நிவனின் தவறு இதில் இல்லை. கோல்மனிடம் ஒரு களைப்பு இருந்தது. திருட்டை விட வேண்டும் என்று அவர் சொன்னால் நம்ப முடிந்தது. நிவன் குறும்புக்காரர். அவர் திருந்துவதை நம்ப முடியவில்லை. அதனால்தான் முடிவு ஒட்டாமல் நிற்கிறது.

ஒலிவியா டி ஹாவிலண்டை வேறு ஸ்டூடியோவிலிருந்து கடன் வாங்கி வந்து, வாசலில் கவலையோடு நிற்க வைத்ததும் வருத்தமே. கே ஃபிரான்சிஸுக்கு இருந்த துணிச்சலில் கால் பங்கும் இந்தப் பாத்திரத்துக்குத் தரப்படவில்லை. படப்பிடிப்பு முடிந்து நிவன் பிரிட்டனுக்குத் திரும்பிப் படையில் சேர்ந்தார். போருக்கு முன்னால் வந்த நிவனை அப்படியே பிடித்துவைத்திருக்கும் படம் என்ற வகையில் அவருடைய ரசிகர்களுக்கு இதற்குத் தனி மதிப்பு உண்டு.

இதை முதலில் பார்க்க வேண்டியவர்கள் யார்? 1930-ஆம் ஆண்டின் ஒலியைத் தாங்க முடியாதவர்கள், ஆங்கிலத்தைக் காதால் பிடிக்கச் சிரமப்படுபவர்கள், வீட்டில் பதின்வயதுப் பிள்ளைகளோடு சேர்ந்து பார்ப்பவர்கள். மற்றவர்களுக்கு இது இரண்டாவது படம்.

## டிரபிள் இன் பாரடைஸ், 1932

வெனிஸில் குப்பை ஏற்றும் படகோட்டி பாடிக்கொண்டு போவதில் தொடங்குகிறது. அழகுக்கும் அழுக்குக்கும் இங்கே பெரிய தூரமில்லை என்று முதல் நிமிடத்திலேயே சொல்லிவிடுகிறார் லூபிட்ஷ்.

திருட்டைக் கைவேலையாகக் காட்டுவதில் நான்கில் இதுதான் முதலிடம். பிரபு என்று சொல்லிக்கொள்ளும் காஸ்டனும், சீமாட்டி என்று சொல்லிக்கொள்ளும் லில்லியும் இரவு உணவுக்கு அமர்கிறார்கள். ஒருவர் மற்றவரிடமிருந்து பணப்பை, நகை ஊசி, கடிகாரம் என்று ஒவ்வொன்றாக உருவியெடுத்து மேசையில் வைக்கிறார்கள். திருடியது தெரிந்ததும் கோபம் வருவதில்லை, காதல் வருகிறது. திறமையைத் திறமை அடையாளம் காணும் அந்தக் காட்சிக்கு நிகராக இந்த வகைப் படங்களில் வேறொன்று இல்லை.

பிறகு பாரிஸ். வாசனைத் திரவிய நிறுவனத்தின் உரிமையாளரான மரியெட் கோலே என்ற இளம் விதவையின் கல் பதித்த கைப்பை 1,25,000 பிராங்க். அதைத் திருடிய காஸ்டன், விற்பதைவிட 20,000 பிராங்க் பரிசுத் தொகைக்குத் திருப்பித் தருவது மேல் என்று கணக்குப் போடுகிறான். திருட்டுப் பொருளை வாங்குபவன் உண்மை விலையில் சிறு பங்குதான் கொடுப்பான் என்ற நடைமுறை இந்தக் கணக்குக்குள் இருக்கிறது. ‘ராஃபிள்ஸ்’ கதையிலும் நெக்லஸுக்கு அறிவிக்கப்பட்ட பரிசுத் தொகைதான் பன்னியின் கடனைத் தீர்க்கிறது. நகைத் திருட்டுக் கதைகளில் பரிசு அறிவிப்பு ஒன்று வந்தால் அங்கே கவனம் வையுங்கள். முடிச்சு பெரும்பாலும் அங்கேதான் அவிழும்.

மரியெட்டாக நடித்திருப்பவரும் கே ஃபிரான்சிஸ்தான். இரண்டே ஆண்டு இடைவெளியில் இரண்டு கனவான் திருடர்களின் காதலி. 1930 படத்தில் அவரைப் பிடித்துப்போனவர்கள் அடுத்து நேராக இங்கே வரலாம்.

செலவைச் சொல்லிவிட வேண்டும். இதில் மர்மம் கிடையாது. மரியெட்டோடு தங்குவதா, லில்லியோடு தப்புவதா என்ற தவிப்புதான் கதை. நகையும் பணமும் சாக்கு. துப்பறியும் விறுவிறுப்பு தேடுபவர் 40-ஆவது நிமிடத்தில் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிடுவார். இரட்டைப் பொருள் வசனங்கள் நிறைய. அவை ஆபாசம் இல்லை. ஆனால் ஹேஸ் விதிகள் இறுகியபின் இந்தப் படத்தை மறுவெளியீடு செய்யவே விடவில்லை. பல பத்தாண்டுகள் பூட்டிக் கிடந்தது. சிறு பிள்ளைகளுக்கு ஒன்றும் புரியாது.

## டு கேட்ச் எ தீஃப், 1955

ஜான் ராபி (கேரி கிராண்ட்) ஒரு காலத்தில் ‘பூனை’ என்று பெயரெடுத்த நகைத் திருடன். போரின்போது பிரெஞ்சு எதிர்ப்புப் படையில் சேர்ந்து சண்டையிட்டதால் வெளியே விடப்பட்டவன். மலைமேல் வீடு கட்டி, திராட்சைத் தோட்டம் போட்டு அடங்கி இருக்கிறான். திடீரென்று பிரான்சின் தென்கடற்கரையான ரிவியராவில் அவனுடைய பழைய பாணியிலேயே திருட்டுகள் நடக்கின்றன. போலீஸ் அவனைத் தேடுகிறது. தப்ப ஒரே வழி, உண்மைத் திருடனை அவனே பிடிப்பது.

இங்கேதான் முதல் அளவுகோல் தலைகீழாகிறது. திருடனை நாம் பின்தொடர்வதில்லை. திருடனோடு சேர்ந்து இன்னொரு திருடனைத் தேடுகிறோம். யார் என்ற புதிர் முழுமையாக உள்ளது நான்கில் இந்தப் படத்தில் மட்டும்தான்.

அதில் ஒரு நுட்பமான ஏற்பாடு இருக்கிறது. லாயிட்ஸ் காப்பீட்டு நிறுவனத்தின் ஆள் ஹியூசன், ரிவியராவில் விலையுயர்ந்த நகை வைத்திருக்கும் வாடிக்கையாளர்களின் பட்டியலை ராபியிடம் கொடுக்கிறார். முன்னாள் திருடன் கையில் இந்தப் பட்டியலா என்று தோன்றும். காப்பீட்டாளரின் கணக்குப்படி இது சரியே. நகை போனால் முழுத் தொகையையும் தர வேண்டும், நகை திரும்பி வந்தால் தர வேண்டியதில்லை. பட்டியல் கைக்கு வந்ததும் ராபி செய்வது, அடுத்து எந்த வீடு குறிவைக்கப்படும் என்று திருடனாகவே யோசித்துப் பார்ப்பது. வாணவேடிக்கைக் காட்சியில் நாயகி கிரேஸ் கெல்லியின் கழுத்தில் மின்னும் நெக்லஸைப் பார்த்த மாத்திரத்தில் போலி என்று கண்டுகொள்கிறான் அல்லவா, இந்தப் படத்தில் கைத்தொழில் என்று இருப்பது அந்தக் கண் ஒன்றுதான். திருட்டை ஹிட்ச்காக் ஏறக்குறைய காட்டவே இல்லை. கூரைமேல் கரும்பூனை நடக்கிறது, விடிகிறது, ஒரு பெண் அலறுகிறாள். விதிகள் செய்முறையைத் தடுத்தன. அவர் அந்தத் தடையையே அழகாக்கிவிட்டார்.

படத்தின் உண்மையான செல்வம் ஒளிப்பதிவு. ராபர்ட் பர்க்ஸுக்கு வண்ண ஒளிப்பதிவுக்கான ஆஸ்கர் கிடைத்தது இதற்குத்தான். விஸ்டாவிஷனில் 35 மில்லிமீட்டர் படச்சுருள் படுக்கைவாட்டில் ஓடும். ஒரு சட்டகம், சுருளின் ஓரத்தில் உள்ள துளைகளில் வழக்கமான 4-க்குப் பதில் 8 துளை அகலம் எடுத்துக்கொள்ளும். பரப்பு கூடுவதால் மணல், கடல், பட்டுத்துணி எல்லாம் கூர்மையாகத் தெரிகின்றன. கான் நகரின் கார்ல்டன் ஓட்டலும் நீஸின் பூச்சந்தையும் உண்மை இடங்கள்.

எங்கே சறுக்கும்? நடுவில் சுமார் அரை மணி நேரம் கதை காதல் பேச்சில் நின்றுவிடும். கார் ஓட்டும் காட்சிகளில் பின்னால் ஓடும் சாலை ஸ்டூடியோத் திரை என்பது நல்ல பிரதியில் இன்னும் நன்றாகவே தெரியும். படப்பிடிப்பின்போது கேரி கிராண்டுக்கு 50 வயது, கிரேஸ் கெல்லிக்கு 24; இந்த இடைவெளி சிலரை உறுத்தும். சந்தேகத்துக்கு இடமான ஆட்கள் குறைவாக இருப்பதால், புதிர்ப் படங்களில் பழகியவர்கள் ஒரு மணி நேரத்துக்குள் ஆளைப் பிடித்துவிட வாய்ப்பு உண்டு. இதைத் துப்பறியும் சவாலாக எடுத்துக்கொண்டு அமராதீர்கள்.

## பட்டியலுக்கு வெளியே மூன்று

‘தி பிங்க் பாந்தர்’ (1963): டேவிட் நிவன் மறுபடியும் கனவான் நகைத் திருடன். படம் அவருக்காகத் திட்டமிடப்பட்டது; இன்ஸ்பெக்டர் க்ளூசோவாக வந்த பீட்டர் செல்லர்ஸ் எடுத்துக்கொண்டு போய்விட்டார். 1939 நிவனையும் இதையும் அடுத்தடுத்துப் பார்த்தால், ஒரு நடிகர் அதே உடையை 24 ஆண்டு கழித்து எப்படி உடுத்துகிறார் என்று தெரியும்.

‘ஜுவல் தீஃப்’ (1967): விஜய் ஆனந்த் இயக்கிய இந்திப் படம். தேவ் ஆனந்த், அசோக் குமார், சென்னையில் பிறந்து தமிழ்ப் படங்களிலிருந்து இந்திக்குப் போன வைஜெயந்திமாலா. ஒருவனைப் பார்த்து ஊரே இன்னொருவன் என்று சொல்லும் ஆள்மாறாட்டப் புதிர். நீளம் 3 மணி நேரத்துக்குச் சற்று மேல். இரண்டு ‘ராஃபிள்ஸ்’ படங்களைச் சேர்த்துப் பார்த்தாலும் அதைவிட அரை மணிக்கு மேல் மிச்சமாகும். பாட்டோடு கூடிய மர்மம் வேண்டும் என்பவர்கள் தயங்காமல் இதற்கே போகலாம். சிக்கிம் தனி அரசாக இருந்த காலத்தில் அங்கே எடுத்த காட்சிகளும், எஸ். டி. பர்மனின் இசையில் வைஜெயந்திமாலா ஆடும் கடைசி நடனமும் அந்த 3 மணி நேரத்துக்கு ஈடு.

பெட்டகமும் துளையிடும் கருவியும்தான் வேண்டுமா? அப்படியானால் கனவானை மறந்துவிட்டு ஜூல்ஸ் டாசின் பிரான்சில் எடுத்த ‘ரிஃபிஃபி’ (1955) பாருங்கள். பாரிஸ் நகைக்கடையைக் கொள்ளையிடும் காட்சி ஏறக்குறைய அரை மணி நேரம், பேச்சும் இசையும் இல்லாமல். ஹாலிவுட் விதிகள் எட்டாத இடத்தில் எடுத்ததால் கிடைத்த சுதந்திரம் அது.

## பிரதியில் கவனிக்க வேண்டியவை

‘ராஃபிள்ஸ்’ என்று மட்டும் தேடினால் சிங்கப்பூர் ஓட்டலும், 1917, 1925 மௌனப் படங்களும், 1977 பிரிட்டிஷ் தொலைக்காட்சித் தொடரும் கலந்து வரும். நடிகர் பெயரைச் சேர்த்துத் தேடுங்கள்.

ஓட்ட வேகம். ஐரோப்பிய முறையில் தயாரான டிவிடி வினாடிக்கு 24 சட்டகத்துக்குப் பதில் 25 ஓட்டும். 72 நிமிடப் படம் 69 நிமிடத்தில் முடிந்துவிடும். நேரம் மிச்சம் என்று நினைக்க வேண்டாம். குரலின் சுருதி ஓர் அரைச்சுரத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு உயரும். கோல்மனின் குரலுக்காகப் பார்க்கும் படத்தில் இது பெரிய இழப்பு. தனியாக இறக்கிய துணைத்தலைப்பும் பொருந்தாது. தொடக்கத்தில் சரியாக இருந்து, போகப் போக விலகி, முடிவில் 3 நிமிடத்துக்கு அருகில் பிந்தும். முன்பின் நகர்த்திச் சரிசெய்ய முயன்றால் தீராது. துணைத்தலைப்பின் சட்டக வேகத்தை 24-லிருந்து 25-க்கு மாற்ற வேண்டும்.

திரை அளவு. 1955 படத்தைத் தவிர மற்ற மூன்றும் சதுரத்துக்குப் பக்கத்தில் வரும் சட்டகம். டிவி தானாகவே அகலத்துக்கு இழுத்துவிட்டால் முகங்கள் உப்பும். பெரிதாக்கினால் தலை வெட்டும். ‘ஒரிஜினல்’ அல்லது 4:3 வைத்து, இரு பக்கமும் கறுப்பாக இருக்க விடுங்கள். 1955 படத்துக்கு எதிர்ச்சிக்கல். பழைய தொலைக்காட்சிப் பிரதிகள் 4:3-க்கு வெட்டப்பட்டவை, அகலப் பிரதியே சரி. அதன் இரவுக் காட்சிகளில் வானம் பச்சையாகத் தெரியும். பச்சை வடிகட்டி போட்டு வேண்டுமென்றே எடுத்தது அது. டிவியின் வண்ணத்தைத் திருத்தப் போகாதீர்கள்.

இயக்கம், கூர்மை. அசைவை வழவழப்பாக்கும் டிவியின் ‘மோஷன் ஸ்மூத்திங்’ வசதியை அணைத்துவிடுங்கள், கூர்மையைக் குறையுங்கள். டோலண்டின் நிழல்கள் படச்சுருளில் புள்ளிகளாகத் தெரியும் நுண்மணிகளால் ஆனவை. கூர்மை ஏறினால் நிழல் புழுதியாகிவிடும்.

ஒலி. 1930 படத்துக்குச் சரவுண்ட் விளைவுகளை முழுவதும் நிறுத்துங்கள். ஒற்றைத் தடத்தை அறை முழுவதும் பரப்பினால் இரைச்சல்தான் பரவும். அக்கால ஒலித்தடத்தில் 8 கிலோஹெர்ட்சுக்கு மேல் பயனுள்ள ஒலி மிகக் குறைவு. ஆகவே ஈக்வலைசரில் அதற்கு மேல் உள்ளதைத் தாராளமாகக் குறைக்கலாம், பேச்சு கெடாது. பொறி தானாக உருவாக்கும் ஆங்கிலத் துணைத்தலைப்பை நம்பாதீர்கள். இரைச்சலும் பிரிட்டிஷ் மேட்டுக்குடி உச்சரிப்பும் சேர்ந்தால் அது பெயர்களையே மாற்றிவிடும்.

## திரைப்படக் கழகத்தில் போடுவதானால்

கூட்டமாகப் பார்க்க 1939 படத்தைவிட 1930 படமே மேல். கடிகாரக் காட்சியில் கூட்டம் ஒன்றாக மூச்சை விடும். 8 அடி அகலத் திரையில் இந்தச் சட்டகம் 6 அடிக்குச் சற்று மேல்தான் நிரப்பும், பின்வரிசையை முன்னால் இழுத்துப் போடுங்கள். தொடங்குமுன் இரண்டு நிமிடம் எடுத்து, கிரிக்கெட்டில் ஜென்டில்மேன், பிளேயர் பிரிவு என்ன, ‘அமெச்சூர்’ என்ற சொல்லுக்கு அன்று என்ன மதிப்பு என்று மட்டும் சொல்லிவிடுங்கள். கதையைச் சொல்ல வேண்டாம்.

உரிமை விஷயம்: 1930-இல் அமெரிக்காவில் வெளியான படங்களின் பதிப்புரிமை அங்கே 2025 முடிவோடு காலாவதியாயிற்று. சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். புதிதாக மீட்டெடுத்த பிரதிக்கும் துணைத்தலைப்புக்கும் தனி உரிமை இருக்கக்கூடும். ஓடிடி கணக்கிலிருந்து பொதுவில் திரையிட அந்தச் சேவைகளின் விதிமுறைகள் பொதுவாக அனுமதிப்பதில்லை. 1955 படத்துக்கு உரிமையாளரிடம் எழுதிக் கேட்காமல் அறிவிப்பு ஒட்டாதீர்கள்.

இரண்டு ‘ராஃபிள்ஸ்’ படங்களையும் ஒரே மாலையில் போட 144 நிமிடம், நடுவில் தேநீருக்கு 15 நிமிடம். மாலை 6 மணிக்குத் தொடங்கினால் 8:40-க்கு முடியும். வரிசையை மாற்றாதீர்கள்: கோல்மன் முதலில், நிவன் அடுத்து. கடிகாரத்துக்குள் புகுந்து போனவனைப் பார்த்த கண்ணுக்குத்தான், ஒன்பது ஆண்டு கழித்து அவனைச் சரணடைய அனுப்பிய கை யாருடையது என்று தெரியும்.